கேப்டனின் முழங்கை ஒட்டு

தையல்கடையில் அக்காவுக்கு 'அரையங்குலம்' என்று பெயர். அரை அங்குலம் பிசகினாலும் முழுச் சட்டையையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைப்பாள் என்பதால், கூட வேலை பார்க்கும் பெண்கள் வைத்த பெயர் அது. படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்குப் பிறகு அவள் முழுசாக நம்பியது இரண்டைத்தான். ஒன்று கழுத்தில் தொங்கும் அளவுநாடா, இன்னொன்று தங்கை.

தங்கை படம் வரைபவள். விண்வெளிக் கதை ஒன்றை அனிமேஷன் தொடராக எடுத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோவில் வேலை. ஓட்டை விண்கலத்தை ஓட்டிக்கொண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே திரியும் பெண் கேப்டன்தான் கதாநாயகி. அவள் முன்னால் எப்படி இருப்பாள், பின்னால் எப்படி இருப்பாள் என்று இரண்டு மூலப் படங்களைத் தங்கைதான் வரைந்து கொடுத்தாள். மற்றவர்கள் அவற்றைப் பார்த்து எட்டுப் பகுதிகளையும் வரைந்தார்கள்.

முதல் பகுதியின் முடிவில் தங்கையின் பெயர் வந்தபோது அக்கா படத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, எழுந்துபோய் அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்கள் யாரும் தப்பவில்லை. "கையைத் தூக்குங்க. அந்த விண்வெளித் தொடர் பாத்தீங்களா? என் தங்கச்சி வரைஞ்சது." கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் எங்கே ஓடுவார்?

மூன்றாம் பகுதி வந்த வாரத்தில் வினை தொடங்கியது. கேப்டன் விண்கலத்தின் கதவருகே நின்று மெல்லத் திரும்புகிறாள். முன்னால் பார்க்கும்போது ஜாக்கெட்டின் வலது முழங்கையில் இருந்த சதுர ஒட்டுத்துணி, முதுகைக் காட்டியதும் இடது முழங்கையில் இருக்கிறது. யாரோ ஒரு பார்வையாளர் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டி, சிவப்பு வட்டம் போட்டு வெளியிட்டுவிட்டார்.

"கை மாறி உட்கார ஒட்டு என்ன குருவியா? இதை வரைஞ்சது மனுஷனே இல்ல, ஏஐ."

"வரையத் தெரியாதவங்க கூடை பின்னப் போகலாமே!"

"சோம்பேறிகள். நம்மள முட்டாள்னு நினைச்சுட்டாங்க."

இப்படி நாலாயிரத்துச் சொச்சம். அக்கா ஒன்றுவிடாமல் படித்தாள். துணியில் குறை தேடுகிற அதே கண்ணால், வரி வரியாக. படிக்கப் படிக்கக் காது மடல் சூடேறியது. "கூடை பின்னுறது லேசுன்னு இவனுக்கு எவன் சொன்னான்? ஒரு பித்தான் தைக்கத் தெரியுமா இவனுக்கு?" என்று கையிலிருந்த போனைப் பார்த்தே கேட்டாள்.

மதிய இடைவேளையில் தங்கை கடைக்கு வந்தாள். முகம் செத்திருந்தது.

"நாளைக்குக் காலையில அறிக்கை விடறாங்க அக்கா. தப்பு செஞ்சவங்களை நீக்கிட்டோம்னு. ரெண்டாவது சீசன்ல நான் இல்ல."

"நீ கம்ப்யூட்டரை வரையச் சொன்னியா?"

"உன் மேல சத்தியமா இல்ல. ரெண்டு படத்தையும் உன்னைப் பார்த்துத்தானே வரைஞ்சேன், இதே இடத்துல!"

அக்காவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. கேப்டன் போடும் ஜாக்கெட்டைத் தங்கைக்காக அவளே தைத்திருந்தாள். தினமும் மதியம் அதை மாட்டிக்கொண்டு மிஷினில் உட்காருவாள். தங்கை பின்னால் முக்காலியில் உட்கார்ந்து வரைவாள்.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டினாள். ஒட்டு அவளுடைய இடது முழங்கையில் இருந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்தாள். எதிரே ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் இருந்தவளின் ஒட்டு வலது கையில் இருந்தது.

"பின்பக்கம் என்னைப் பார்த்து வரைஞ்சே. முன்பக்கம்?"

தங்கை கண்ணாடியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ! எழுந்து முன்னால வர சோம்பல்பட்டு..."

"மண்டு!" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினாள் அக்கா. "எருமை! மூணு பகுதி ஓட்டியிருக்காங்க, உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. பேரு மட்டும் அரையங்குலம்!" கோபம் இப்போது யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் ஸ்டூடியோ திறக்கும்போதே, ஜாக்கெட் போட்டபடி அக்கா வாசலில் நின்றாள். கண்ணாடியை எங்கே தேடுவது என்ற கவலை லிஃப்டைப் பார்த்ததும் தீர்ந்தது. உள்ளே பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. முதலாளி வந்ததும் அவரையும் உள்ளே ஏற்றி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"சார், என் முதுகைப் பாருங்க. ஒட்டு எந்தக் கை?"

"இடது."

"இப்போ கண்ணாடிக்குள்ள என் முகத்தைப் பாருங்க. அந்தப் பொம்பளைக்கு எந்தக் கை?"

அவர் பார்த்தார். கதவு தானாக மூடி லிஃப்ட் மேலே போனது. நாலாவது மாடியில் ஒருவர் ஏற வந்தார். "அடுத்ததுல வாங்க" என்றாள் அக்கா. அவர் பயந்து பின்வாங்கினார்.

"வலது," என்றார் முதலாளி. பிறகு சிரித்துவிட்டார். "சரிம்மா, புரியுது. ஆனா ஜனங்க கோபமா இருக்காங்களே. யாரையாவது காட்டித்தானே ஆகணும்?"

"என்னைக் காட்டுங்க." அக்காவின் குரல் இறுகியது. "இந்த ஒட்டு எதுக்குத் தெரியுமா? இஸ்திரிப்பெட்டி வெச்சு நான் சுட்ட ஓட்டையை மறைக்க. இருபது வருஷத்துல நான் சுட்ட ஒரே துணி. கடையில யாருக்கும் சொல்லல. இவதான், கேப்டனுக்கும் இது இருக்கட்டும்னு வரைஞ்சா. இதை எந்த மிஷின் யோசிக்கும்? அவ செஞ்சது தப்பு, இல்லேங்கல. அதைத் தப்புன்னு போடுங்க. மனுஷி செஞ்ச தப்புன்னு போடுங்க. உழைச்சவளைத் திருடின்னு போட்டீங்கன்னா, தம்பி, நான் இந்த லிஃப்டை விட்டு இறங்க மாட்டேன்."

சார் எப்போது தம்பி ஆனார் என்று இருவரும் கவனிக்கவில்லை.

அறிக்கை மாறியது. தங்கையின் வேலை தப்பியது. இஸ்திரிப்பெட்டிக் கதையும் வெளியே வந்து, கடைப் பெண்கள் ஒரு வாரம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, "ஏதோ கருகுற வாசனை வருதே" என்று கேட்டார்கள். பார்வையாளர்களில் பாதிப் பேர் மன்னிப்புக் கேட்டார்கள். சிவப்பு வட்டம் போட்டவர் மட்டும், "கண்ணாடியாம்! நல்லாத்தான் கதை விடறாங்க" என்று எழுதினார்.

அதைப் படித்த கையோடு அக்கா ஜாக்கெட்டை மிஷினில் போட்டாள். கத்தரியை எடுத்து இன்னொரு சதுரம் வெட்டினாள்.

"என்ன பண்றே?" என்றாள் தங்கை.

"வலது கைக்கும் ஒண்ணு வைக்கறேன். அடுத்த சீசன்ல கேப்டனுக்கு அந்தக் கையும் சுட்டுக்கட்டும். இனிமே எந்தப் பக்கம் திரும்பினாலும் எவன் வட்டம் போடுறான்னு பாக்கறேன்."

"கோபத்துல தைக்காதே அக்கா, கோணிக்கும்."

"கோணினா சொல்லுடி," என்று அளவுநாடாவைத் தங்கைமேல் எறிந்தாள். "அப்புறம், எழுந்து முன்னால வா. அங்கேயே உட்கார்ந்துக்கிட்டுப் பாக்காதே."