ஜெனரலின் சாரதி வீட்டுக் கல்யாணம்

என் கணவர் ஜெர்மனியில் ஓய்வுபெற்ற ஒரு ராணுவ ஜெனரலுக்குச் சாரதியாக இருந்தவர். கார் ஓட்டியதோடு புல் வெட்டினார், நேரத்துக்கு மருந்து கொடுத்தார், மனைவியை இழந்து தனியாக இருந்த அந்த மனிதரின் கதைகளையும் கேட்டார். பிறகு நாங்கள் லண்டனுக்கு மாறி ஹரோவில் குடியேறியபோது தட்டுமுட்டுச் சாமான்களில் பாதியை அங்கேயே விட்டுவிட்டோம். ஜெனரலை மட்டும் அவர் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீரோடு ஜெனரலின் உத்தியோக வரலாறும் வரும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு படையில் சேர்ந்தார். லெப்டினன்டாகப் பனிக்குள் கிடந்தார். கடினமான தேர்வொன்றில் தேறிப் பதவிநிலை அதிகாரியானார். அதாவது, சண்டைக்குப் போகிறவர் அல்ல. யார், எப்போது, எந்த வழியால் சண்டைக்குப் போகவேண்டும் என்று மேசையில் இருந்து எழுதுகிறவர். அப்படிப்பட்டவர்களுக்குச் சட்டைக் கழுத்தில் தனியாகக் கருஞ்சிவப்புப் பட்டை உண்டாம். அந்தப் பட்டையைச் சொல்லும்போது என் கணவரின் கை தன் கழுத்துக்குப் போகும்.

கிழக்கிலிருந்து எதிரி வந்தால் எந்தப் பாலத்தை உடைப்பது, எந்த ரயிலில் படைக்குச் சாப்பிடப் பாண் அனுப்புவது என்று ஜெனரல் வாழ்நாள் முழுதும் திட்டம் போட்டார். எதிரி வரவேயில்லை. பதவி உயர்வு மட்டும் தவறாமல் வந்தது. எங்கள் ஊரிலோ யாரும் ஒழுங்காகத் திட்டம் போடாமலே சண்டை வந்தது. உலகத்து ஜெனரல்மார் எல்லோரும் அவரைப்போல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் மன்னாரில்தான் இருந்திருப்பேன். அந்த வகையில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

மகளின் கல்யாணம் நிச்சயமானதும் என் கணவர் சாப்பாட்டு மேசையில் லண்டன் வரைபடத்தை விரித்தார். அதற்குப் பிறகு நாங்கள் சோபாவில்தான் சாப்பிட்டோம்.

மாதா கோயில் பங்குச் சுவாமி ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அடுத்து இன்னொரு பூசை இருக்கிறது, பிந்தினால் காத்திருக்க மாட்டேன். எங்கள் சனமோ அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குத்தான் குளிக்கவே போகும். அதற்கு என் கணவர் கண்டுபிடித்த வழி, மூன்று விதமான அழைப்பிதழ் அடிப்பது. ஜெர்மனியிலிருந்து வரும் உறவினருக்கு உண்மையான நேரம். அவர்கள் அங்கேயே நேரத்துக்குப் பழகியவர்கள். ஈஸ்ட் ஹாம் பக்கத்தாருக்கு அரை மணித்தியாலம் முந்திய நேரம். டூட்டிங்கில் இருக்கும் தன் சொந்தக் குடும்பத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி.

"இஞ்சேருங்கோ, இவையள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கமாட்டினமோ?" என்று கேட்டேன்.

"ஜெனரல் எத்தினை ரகசியத்தைக் காத்தவர், தெரியுமோ?"

"ஜெனரலுக்கு வாட்ஸ்அப் இல்லை. உங்கட அக்காவைப்போல ஒரு அக்காவும் இல்லை."

அவர் கேட்கவில்லை. கார்க்கதவு திறக்கிறவர், முக்காட்டைத் தூக்கிப் பிடிக்கிறவர், கேக் கொண்டுவருகிறவர் என்று எல்லோருக்கும் ஓரிடம் குறித்தார். தனக்கு மட்டும் குறிக்கவில்லை. கேட்டதற்கு, "எங்கை தேவையோ அங்கை நிப்பன்" என்றார். பெண்ணின் தகப்பனுக்குக் கோயில் வாசலில்தான் வேலை, மகளைக் கைப்பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டியவர் அவர்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எவருக்கும் தெரிந்த விஷயம் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். அவருடைய அக்காவும் வந்தார். ஆனால் கோயிலின் பின்புறம் நிறுத்திய காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். கையில் மூன்று அழைப்பிதழ்களும் இருந்தன.

"தம்பி, என்னை எந்த வகையில போட்டனீ? அதைச் சொல்லு, இறங்கிறன்."

தாயில்லாத என் கணவரைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்கா. அவரை அப்படியே விட்டுவிட்டு வர இவரால் முடியவில்லை. கார் ஜன்னலில் குனிந்து நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கோயில் வாசலில் மகள் பூச்செண்டோடு நின்றாள். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. நான் அவருக்கு போன் எடுத்தேன். "ரெண்டு நிமிஷம்" என்று வைத்துவிட்டார். மறுபடி எடுத்தேன். அதே ரெண்டு நிமிஷம்தான். சுவாமி பீடத்திலிருந்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அம்மா, டாட் வரமாட்டார். நீங்க வாங்கோ," என்றாள் மகள்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவள்மேல் பாசமும் அவர்மேல் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்தன. இருபுறமும் வாங்குகளில் சனம் நிறைந்து உட்கார்ந்திருந்தது. ஜெர்மனி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் எல்லோரும் இருந்தார்கள். திட்டம் முழு வெற்றி. நற்செய்தி வாசிக்கும்போது அக்காவும் தம்பியும் கண் சிவந்தபடி உள்ளே வந்து கடைசி வாங்கில் இருந்தார்கள்.

மண்டபத்தில் எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். குறித்த நேரத்துக்குத் தொடங்கிய தமிழ்க் கல்யாணத்தை லண்டனில் இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். அவர் தலையாட்டினார். ஜெனரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

வீடு திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கேட்டார்:

"நடந்து போகேக்கை பிள்ளை உம்மட கையைப் பிடிச்சவளோ?"

"ஓம்."

"இறுக்கியோ?"

நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடவேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"இறுக்கித்தான்," என்றேன்.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். பிறகு, "எந்தக் கை?" என்று கேட்டார்.

வலது கையை நீட்டினேன். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். அவர் விடவில்லை.