மக்ரூன் கொடுத்து அனுப்பிய முதலீடு

இன்னைக்கு திரேஸ்புரம் பஸ்ஸுல செல்வி அக்கா பக்கத்துல உட்கார்ந்தேன். நம்ம ஊருக்கு வந்த வெளிநாட்டுக் கம்பெனியில இறால் உரிக்கிற வேலை அவங்களுக்கு.

"ஏளா, நாள் பூரா நின்னுட்டே உரிக்கோம். உக்கார ஒரு ஸ்டூல் கேட்டோம். மேனேஜர் சிரிக்கான். பிடிக்கலன்னா போங்க, போறதுக்கு உங்களுக்கு வேற எடம் இருக்கான்னு கேக்கான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னால அந்தக் கம்பெனிக்காரங்க எடம் பார்க்க வந்தப்ப, கூட இருந்து மொழிபெயர்த்தது நான்தான். ஹார்பரைப் பார்த்தாங்க, கடலைப் பார்த்தாங்க. கடைசியா, "இங்க பொம்பளைங்க வேலையைப் பாதியில விட்டுட்டுப் போவாங்களா?"ன்னு கேட்டாங்க.

எப்படியாவது நம்ம ஆளுங்களுக்கு வேலை கிடைக்கட்டும்னு, "போறதுக்கு அவங்களுக்கு வேற எடமே இல்ல சார்"னு உருகிச் சொன்னேன்.

வந்த பெரிய அதிகாரி என் கையைப் பிடிச்சுக் குலுக்குனார். இரக்கப்பட்டுட்டார்னு நம்பி, நம்ம தூத்துக்குடி ஸ்பெஷல் மக்ரூன் அரைக் கிலோ வேற வாங்கிக் கொடுத்து அனுப்புனேன். நான் கஷ்டம்னு சொன்னதை அவங்க வசதின்னு குறிச்சிட்டுப் போயிருக்காங்க.

எறங்கும்போது அக்கா சொன்னாங்க: "நீதான் நல்லா இங்கிலீஷ் பேசுவியே, எங்களுக்காக அங்கன ஒரு வார்த்தை சொல்லேன்."

ஏற்கெனவே சொல்லிட்டேன்னு அக்காகிட்ட யாராவது சொல்றீங்களா?