மிதித்த பிறகு வரும் கை

என் தம்பியின் இடது கை எங்கள் தெருவில் பேர் போனது. தறியில் உட்கார்ந்து அச்சுப்பலகையைத் தள்ளித் தள்ளி இழுத்தே இறுகிப்போன கை அது. அதை நேராக நீட்டி ஒரு குத்து விட்டால், தொங்குகிற மணல் மூட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். மற்றபடி குத்துச்சண்டையில் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. வலது கை சும்மா தாடையை மறைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் எனக்கு வலது முட்டி கெட்டுப்போயிருந்தது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை அழுத்த முடியவில்லை. அதனால் தம்பி குழியில் இறங்கி நெய்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து, சேலையின் கரைக்கு உண்டான நூல் வைத்த சின்னக் கட்டையை, அதுதான் நாடா, இழைகளுக்குள் போட்டுக் கொடுத்தேன். வழக்கமாகச் சின்னப் பசங்கள் செய்கிற வேலை அது. கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவன் அந்த இடத்தில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வார்கள். சொன்னார்கள். குமரகோட்டத்து முருகன் எங்கே உட்காரச் சொல்கிறானோ அங்கே உட்காருவது என்று இருந்துவிட்டேன்.

தம்பிக்குக் குத்துச்சண்டைப் பித்துப் பிடித்தது சைக்கிள் கடைக்காரரால். என் வயதுக்காரர். இளமையில் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அங்கே சண்டை போட்டுப் பழகியவர். கடைக்குப் பின்னால் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார். தம்பி விடியற்காலையில் தாமல் வரைக்கும் சைக்கிளில் போய் ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்து, மூட்டையைக் குத்திவிட்டு, பிறகுதான் தறிக்கு வருவான். அவன் வருகிற வரைக்கும் நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மெட்ராஸில் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தமாகக் குத்துச்சண்டைக் குழு இருந்தது. எங்கள் ஊரில் பொருட்காட்சி போடும்போது அவர்கள் வந்து சண்டை காட்டுவார்கள். அந்த வருஷம் குழுவின் மேலதிகாரி தம்பி மூட்டை குத்துவதைக் கடைக்கே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, எங்கள் ஆள் ஒருவன் இருக்கிறான், அவனை ஜெயித்தால் தொழிற்சாலையில் வேலை போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. குழியை விட்டு ஏறிவிட வேண்டும் என்பது அவனுக்கு வெகுநாள் ஆசை. எனக்கும் அவன் ஏற வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அவன் போய்விட்டால் யார் மிதிப்பது? பாவு நூல் ஏற்றிய தறி, பாதியில் நிற்கிற கல்யாணச் சேலை, அதை நம்பி உலை வைக்கிற வீடு. இதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. என் வீட்டுக்காரி மட்டும், "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த மெட்ராஸ் ஆளைப் பற்றித் தெருவெல்லாம் பேச்சு. அடிக்கவே மாட்டானாம், ஆனால் அவன்மேல் ஒரு அடியும் விழாதாம். தலையைக் கொஞ்சம் சாய்ப்பான், குத்து காதோரம் போய்விடும். ஒற்றை இடது கையை வைத்துக்கொண்டு இவன் எப்படி ஜெயிப்பான் என்று டீக்கடையில் கேட்டார்கள். தறிக்காரன் கை பலகையை இழுக்கிற கை, குத்துக்குத் தள்ளுகிற கை வேண்டும் என்றார் ஒருவர். தள்ளாமல் எப்படி இழுப்பது என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். பலம் இருந்தால் போதும், எத்தனை தடுத்தாலும் தடுக்கிற கையே ஓய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. எங்கள் ஜனம் முருகன் படையில் நின்ற வீரர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்வோம். அதை வைத்து என்னைச் சீண்டினார்.

"சூரனையே அடிச்ச ஜனம்பா நீங்க. ஒரு மெட்ராஸ்காரனுக்கா பயந்துக்கினு இருக்கறீங்க?"

"அப்போ வேலு இருந்துச்சு" என்றேன். "இப்போ இவன் கைதான் இருக்குது."

சண்டைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை குமரகோட்டத்துக்குப் போனேன். சந்நிதியில் நின்றபோது என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஜெயிக்க வை என்று கேட்டால் தறி நின்றுபோகும். தோற்க வை என்று எந்த வாயால் கேட்பது? விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு, உனக்குத் தெரியாததா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் முட்டி வலித்தது.

சண்டை நாளும் வந்தது. பொருட்காட்சித் திடலில், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சண்டை. மூன்று ரவுண்டு. மெட்ராஸ் ஆள் நான் நினைத்ததுபோல் இல்லை. முன்மண்டை வழுக்கை, கண்ணுக்குக் கீழே பை, அலுத்துப்போன முகம். முதல் ரவுண்டில் தம்பி விட்ட இடது குத்து ஒவ்வொன்றும் காற்றைத்தான் குத்தியது, இல்லையென்றால் அவர் கிளவுஸில் விழுந்து செத்தது. இவன் பலமாகக் குத்தக் குத்த அவர் லேசாகச் சாய்ந்தார். நடுவில் சும்மா ஒரு தட்டுத் தட்டி, அதில் பாயிண்டும் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது ரவுண்டில்தான் கவனித்தேன். அவர் தம்பியின் கையையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்தி வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தானே நாள் பூராவும் பார்க்கிறேன். தறியில் முதலில் கால் மிதிக்கும், இழை பிரிந்து வழி திறக்கும், நாடா ஓடும், பிறகுதான் கை பலகையை அடிக்கும். அவன் கால் அழுந்துவதைப் பார்த்துத்தான் நான் நாடாவைப் போடுவேன். இங்கேயும் அவன் மிதித்தான், நாடா ஓடுகிற நேரம் காத்தான், பிறகு குத்தினான். தறியில்லாத இடத்திலும் அந்த இடைவெளியை விட்டுக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில் ஒரு மனுஷன் நிதானமாகத் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம்.

ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரர் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பலமாக விடு, இன்னும் பலமாக விடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"மிதிக்காதடா."

"என்னா?"

"நீ மிதிச்சிட்டு அடிக்கற. அவரு உன் காலைப் பாத்துக்கினு இருக்காரு. காலை வுட்டுடு. கையை மட்டும் நீட்டு."

"கால் இல்லாம பலம் வராதுண்ணா."

"வராட்டி போவுது. தொட்டா போதும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்வது யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று அவனுக்கும் தெரியும். மறுபடி மணி அடித்தது.

மூன்றாவது ரவுண்டு பார்க்க அழகாக இல்லை. தம்பி மரம்போல் நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டினான். குழந்தை கன்னத்தில் தட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் பட்டது. மூக்கில், நெற்றியில், மறுபடி மூக்கில். இவனா மூட்டையைச் சுழற்றினவன் என்று ஜனங்கள் சிரித்தார்கள். கொசு ஓட்டுகிறான் என்று எவனோ சொன்னான். மெட்ராஸ் ஆள் கொஞ்சம் திணறி, பிறகு அடிக்க வந்தார். அடிக்கத் தெரிந்த கை இல்லை அது. பாயிண்டுக் கணக்கில் முந்திவிட்டான் என்று ரெஃப்ரி தம்பியின் கையைத் தூக்கியபோது பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பலமான நேர்க்குத்து தடுக்கத் தெரிந்தவனை ஜெயிக்குமா என்று இன்றும் யாராவது கேட்டால் அந்தச் சண்டையைத்தான் சொல்வேன். அன்றைக்குப் பலம் ஜெயிக்கவில்லை. பலத்தை விட்ட பிறகுதான் அந்தக் குத்து ஜெயித்தது.

அந்த மெட்ராஸ்காரர் கிளவுஸைக் கழற்றிவிட்டு எங்களிடம் வந்தார்.

"நீங்க வந்து காதுல ஓதனதும் நமக்கு வேலை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கினேன்" என்றார் என்னிடம். "எத்தினி வருஷம்தான் நானும் குனிஞ்சுக்கினே இருக்கறது? உங்க தம்பியை அனுப்பி வைங்க. நல்லா பாத்துக்கறேன்."

தம்பிக்குச் சந்தோஷமே இல்லை. வீட்டுக்கு வருகிற வழியில், கொசு ஓட்டி ஜெயித்தவன் என்றுதானே சொல்வார்கள் என்றான். சொன்னால் சொல்லட்டும், சம்பளம் கொடுக்கிறவர்கள் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள் என்றேன்.

ஆவணியில் தொழிற்சாலையிலிருந்து வேலை உத்தரவு வந்தது. அவன் கிளம்புகிற காலையில் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவன் நின்றான்.

"நான் போனா யாருண்ணா மிதிப்பாங்க?"

"போடா. பஸ் வந்துடப் போவுது."

அவன் போன பிறகு நான் குழியில் இறங்கினேன். இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் என் வீட்டுக்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்து நாடாவை எடுத்தாள். முருகா என்று சொல்லி மிதியை அழுத்தினேன். முட்டிக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு முழம் வந்தா போதும்" என்றாள்.

அரை முழம் வந்தது.