பாறைமேல் ஒரு கோடு

கிருஷ்ணமணிக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. துபாயில் டவர் ஏறினான். திரும்பி வந்து தோவாளையில் பூ வேன் ஓட்டினான், இன்ஷூரன்ஸ் பிடித்தான். எதுவும் ஒரு வருஷம் தாண்டவில்லை. நாற்பதாவது வயதில்தான் அவன் காலுக்கேற்ற வேலை வாய்த்தது. நாடு முழுக்க ஃபோனும் இன்டர்நெட்டும் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க டெல்லியில் ஓர் அரசு அலுவலகம் உண்டு. அதற்காக ஊர் ஊராகப் போய் சிக்னல் அளக்கிற ஒப்பந்த வேலை. நடப்பதற்குச் சம்பளம்! மூன்று வருஷம் ஓடிவிட்டது. மனைவி ஆதிராவுக்கே நம்ப முடியவில்லை.

போன ஆவணியில் பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர்க் காட்டு நடுவே இருபத்தெட்டு வீடுள்ள ஒரு குடியிருப்புக்குப் போனான். சிக்னல் இல்லாத ஊர் என்று பட்டியலில் ஏறினால் டவர் வரும். ரப்பர் பால் வெட்டும் சபிதா வழிகாட்ட வந்தாள். முந்தின மழையில் அவள் கணவனைப் பாம்பு கடித்தபோது, ஆம்புலன்ஸைக் கூப்பிட அவள் அரை மணி நேரம் மேடேறி ஓடியிருக்கிறாள். ஆள் பிழைத்தான், வலது கால் போயிற்று.

ஒவ்வொரு முற்றத்திலும் ஃபோன் செயலியில் அளந்தான். எங்கும் பூஜ்யம். அவனுக்குச் சந்தோஷம். ஆனால் சிக்னல் இல்லை என்று டெல்லிக்குச் சொல்லவும் சிக்னல் வேண்டும். யார் மூளையில் உதித்ததோ! எப்போதும் கீழே டவுனுக்கு வந்துதான் அனுப்புவான். அன்றைக்கு இன்னொரு ஊர் பாக்கி, காலில் அவசரம்.

"சாரே, அந்தப் பாறையில ஏறி நின்னா சிக்னல் ஒரு கோடு கிட்டும். நாங்க ஃபோன் விளிக்கதெல்லாம் அங்கேருந்துதான்" என்றாள் சபிதா.

ஏறினான். அளவுகள் போயின. போன கையோடு செயலி தானாகவே பாறையிலும் ஓர் அளவெடுத்து அனுப்பிவிட்டது. பாறை ஊர் எல்லைக்குள் இருந்தது. எல்லைக்குள் எங்கே ஒரு கோடு கிடைத்தாலும் அது சிக்னல் உள்ள ஊர், அதுதான் விதி. திரையில் பச்சை எழுத்து வந்தது: 'சேவை உள்ளது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.'

அங்கிருந்தே நாகர்கோவிலுக்கு, மேலாளர் அனில்குமாரைக் கூப்பிட்டான்.

"ஒரு கோடும் கோடுதான் மக்கா. ஏறினத நான் அழிக்க முடியாது. தப்பு எனக்க மேலன்னு நீ எழுதிக் குடுத்தா மறுபடி அளப்பாங்க. ஆனா உனக்கு வேலை இருக்காது, பாத்துக்க."

சபிதாவிடம் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப டெல்லிக்காரங்களுக்கு, நாங்க இந்தப் பாறை மேலயாக்கும் குடியிருக்கோம்."

இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே நடந்தான். "எழுதணும்னா எழுதுங்கோ, இல்லன்னா ஒரு இடத்துல உக்காருங்கோ. எனக்குத் தலை சுத்துது" என்றாள் ஆதிரா. எழுதினான். செயலியில் அதற்கு இடமில்லாததால் பதிவுத் தபாலில் அனுப்பினான். மாதக் கடைசியில் வேலை போனது. பரவாயில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். பொய்தான். பேருந்து நிலையம் பக்கம் போவதையே விட்டான். ஃபோனை மட்டும் கையைவிட்டு இறக்கவில்லை.

மார்கழியில் சபிதா கூப்பிட்டாள்.

"சாரே, வேற ஒரு சார் வந்தாரு. எல்லா முத்தத்திலயும் அளந்தாரு. அனுப்பணும், சிக்னல் எங்க கிட்டும்னு கேட்டாரு."

கிருஷ்ணமணி நடப்பதை நிறுத்தினான். "என்ன சொன்னிய?"

"டேம் வரைக்கும் கீழ போவணும்னு சொன்னோம். பிள்ளைககூட வாயத் தொறக்கல்ல." காற்றில் அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "பாறைக்கு ஏறுத வழியில முள்ளு வெட்டிப் போட்டிருந்தோம். இப்பதான் அத மாத்திட்டு ஏறி உங்கள விளிக்கேன்."