எல்லைக்கல் வீட்டு வீரய்யா

“என் வீட்டுக்குள்ள கால் வச்சவனை எந்த ராசாவும் தொட முடியாது. ஒருத்தன் வந்தா இங்கிட்டு, இன்னொருத்தன் வந்தா அங்கிட்டு. அம்புட்டுத்தான்.”

நடுவக்குடி காப்பிக் கிளப்பில் வீரய்யா இப்படிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. வெறும் ஜம்பம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. சர்வே இலாகாவே அவருக்குச் சாட்சி.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கும் வெள்ளைக்காரன் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் எல்லை பிரித்தவர்கள், அன்றைக்கு வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் ஒரு கருங்கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். வீரய்யாவின் பாட்டனார் சிக்கனமானவர். இவ்வளவு நல்ல கல் வீணாக வெயிலில் காய்கிறதே என்று அதைச் சுற்றி வீட்டைக் கட்டிவிட்டார். ஆகவே கல் கூடத்துக்கு நட்டநடுவில் நின்றது. மேற்கே தலைவாசலும் முன்கூடமும் மகாராஜாவைச் சேர்ந்தவை. கிழக்கே அடுப்பங்கரையும் கொல்லையும் சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம். அந்த அடுப்பங்கரையில் ஜன்னல் இல்லாததால் அங்கே சூரியன் உதித்ததாகவும் தகவல் இல்லை.

வீரய்யாவின் மனைவி சொர்ணவல்லி அந்தக் கல்லில் முறத்தைச் சாய்த்து வைப்பாள். பொங்கலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாள். இரண்டு சர்க்கார்களுக்கும் அவள் கொடுத்த மரியாதை அவ்வளவே. சாப்பாட்டு வேளையில் மட்டும், “எலையை எங்கிட்டுப் போட?” என்று கேட்பாள். வீரய்யா மீசையைத் தடவிக்கொண்டு, அன்றைக்கு எந்த ராஜாங்கத்துக்குத் தம் பசியைக் காட்டுவது என்று யோசித்து முடிவு சொல்வார்.

வரி வாங்க இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்தது. ஈடாக ஓட்டும் இரண்டு பக்கமும் கிடைத்தது. ஊரில் முக்கால்வாசிப் பேர் ஓட்டு என்றால் என்னவென்றே அறியாத காலத்தில் வீரய்யா மேற்கே ஒரு மெம்பரையும் கிழக்கே ஒரு மெம்பரையும் தேர்ந்தெடுத்தார். இருவரும் ஜெயித்தார்கள். ஜெயித்த பிறகு இருவரையும் ஊர்ப்பக்கம் காணவில்லை. ஜனநாயகம் இரண்டு எல்லையிலும் இப்படி ஒரே சீராக நடந்துவருவது வீரய்யாவுக்குத் திருப்தியாக இருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று உத்தரவாயிற்று. வீரய்யா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அவருடைய அரிசி எந்தச் சாவடியையும் தாண்டியதில்லை. மூட்டை கொல்லை வழியாக அடுப்பங்கரைக்கு வரும். அங்கிருந்து கூடத்துக்கு நகரும். கூடத்தில் களைப்பாறிவிட்டு வாசலுக்குப் போகும். ஒரு குடும்பஸ்தன் தன் வீட்டுக்குள் மூட்டையை நகர்த்துவதை எந்த மன்னர் தடுக்க முடியும்? கூரைக்கு ஓடு வந்தது. சொர்ணவல்லியின் காதுக்குத் தோடு வந்தது.

அந்த வருஷம் ஆடியில் திருப்பதியும் வந்தான்.

திருப்பதி சொர்ணவல்லியின் தம்பி. ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பெண்டாட்டி பிள்ளையோடு ஊரைப் பார்க்க நடக்கத் தொடங்கியவன், ஒரு காலில் யாரோ சிப்பாயின் பூட்ஸும் மறுகாலில் சாக்குத் துணியுமாக வாசலில் வந்து நின்றான். அக்காள் அவன் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.

“அவுக தமுவுல இருக்காக,” என்றான்.

தமு என்பது பர்மா எல்லையில் இருக்கும் மலைக்காட்டு ஊர். அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் உலை வைத்தாள்.

திருப்பதி தேறி எழுந்து ஆவுடையார்கோவில் சந்தைக்கு ஒரு நாள் போனான். எப்படியப்பா வந்தாய் என்று நாலு பேர் கேட்டார்கள். வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற குரலில் அவன் சொன்னான். மலைக்குக் கீழே ஒரு துரை நின்று, வெள்ளைத் தோல் அந்தப் பாதை, கறுப்புத் தோல் இந்தப் பாதை என்று கையைக் காட்டினார். அந்தப் பாதையில் சோறும் டாக்டரும் இருந்ததாகக் கேள்வி. இந்தப் பாதையில் செத்தவர்கள் இருந்தார்கள். துரைமார் பலரும் நமக்கு முன்னாலேயே ஓடிவிட்டார்கள்.

துரைமார் எங்கேயும் ஓடுவதில்லை என்று சர்க்கார் அப்போதுதான் விளம்பரம் ஒட்டியிருந்தது. ஆகவே கண்ணால் பார்த்ததை வாயால் சொன்னது ஜனங்களிடையே பீதி கிளப்பிய குற்றமாயிற்று. பெரிய சர்க்கார் தும்மினால் சமஸ்தானம் தன் மூக்கைத் துடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் போலீஸ் திருப்பதியைத் தேடியது.

வீரய்யாவின் வாக்கு காப்பிக் கிளப்பில் பிறந்தது அன்றைக்குத்தான்.

சொன்னபடியே நடத்தியும் காட்டினார். முன்வாசலில் சமஸ்தானத்துச் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தால், “அங்கிட்டுப் போ மாப்ள,” என்பார். திருப்பதி கல்லைத் தாண்டி அடுப்பங்கரையில் உட்காருவான். கொல்லையில் வெள்ளைக்காரப் போலீஸ் தலை நீட்டினால், “இங்கிட்டு வா மாப்ள.” அவன் முன்கூடத்துக்கு வருவான். ஒரு நாள் சமஸ்தானத்துக் கான்ஸ்டபிள் கல்லடிவரை வந்து, ஒரு முழத்துக்கு அப்பால் இருந்த குற்றவாளியைப் பார்த்தபடி நாக்கு வறண்டு நின்றார். குற்றவாளியே எழுந்து மோர் கொடுத்தான். குடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று அபிப்பிராயம் சொல்லிப் போனார்.

ஜெனீவாவில் நாட்டுக்கு நாடு ஆள் அனுப்பிக் கூட்டம் போட்டும் விளங்காத அகதிப் பிரச்சினை நடுவக்குடியில் ஒரே கல்லில் தீர்ந்துவிட்டது என்றே வீரய்யா நம்பினார். சொர்ணவல்லி நம்பவில்லை.

“ஒளிஞ்சு வெளையாட அவனுக்கு வயசா? நீங்க ஓட்டுப் போட்ட மனுசருகள்ல ஒருத்தரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

வீரய்யா போனார். மேற்கு மெம்பர் உபசாரமாகப் பேசினார். சபையில் தமக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்றார். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அதைக் கேட்கலாமா என்று மேலே தீர்மானிப்பார்கள், பதில் சொல்வது அவர்கள் இஷ்டம் என்றும் விளக்கினார். கிழக்கு மெம்பர் வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி ஜெயிலில் இருந்தார். போய்ப் பார்த்தால் பார்த்தவரும் அங்கேயே தங்க நேரலாம் என்று விசாரித்த இடத்தில் சொன்னார்கள். இரண்டு ஜனநாயகமும் முடிந்ததும் வீரய்யா வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

அடுத்த வாரம், அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேற்கு இன்ஸ்பெக்டரும் கிழக்கு இன்ஸ்பெக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீரய்யாவுக்கு நாற்காலி போட்டார்கள். போலீஸ் அடிக்கும் என்பதற்கு அவர் தயாராக வந்திருந்தார். உட்காரச் சொல்லும் என்பதற்குத் தயாராக வரவில்லை.

எல்லையைத் தாங்கள் மதிப்பதாக இருவரும் சொன்னார்கள். மச்சினன் பெயரையே எடுக்கவில்லை. அரிசி மூட்டையைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்காததை வீரய்யா நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

“அந்தக் கல்லு ஒங்க வீட்டுக்குள்ள எடஞ்சலா நிக்கிது,” என்றார் மேற்கு இன்ஸ்பெக்டர். “மறு சர்வே வச்சு, எடுத்துத் தெருவோரமா நட்டுறலாமுன்னு ஒரு யோசனை. ஒங்களுக்கும் நடமாட சௌகரியமா இருக்கும்ல?”

வீரய்யா தம் கூடத்தைக் கல் இல்லாமல் நினைத்துப் பார்த்தார். நினைக்க முடியவில்லை. கல் போனால் மூட்டை எங்கே களைப்பாறும்? கல் போனால் அவர் யார்? நாலு சுவரும் ஒரு கூரையும் உள்ள, ஒரே ராஜாவுக்கு அடங்கிய, இன்னொரு வீரய்யா.

கல்லால் தமக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றார். சந்தோஷம் என்றார்கள். நாளை விடியற்காலை ஒப்புக்கு ஒரு ஆள் முன்வாசலுக்கு வருவான், தாங்கள் இருவரும் கொல்லைப்புறம் நிற்போம் என்று கிழக்கு இன்ஸ்பெக்டர் போகிற போக்கில் சொன்னார். ஒருவர் பிடிப்பதற்கு, மற்றவர் பார்க்காமல் இருப்பதற்கு.

அன்று ராத்திரி சொர்ணவல்லி எலையை எங்கிட்டுப் போட என்று கேட்டாள். எங்கிட்டாவது போடு என்றார்.

விடியும்போது அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் முன்வாசலில் ஒரு போலீஸ்காரன் வந்து தொண்டையைச் செருமினான்.

“அங்கிட்டுப் போ மாப்ள,” என்றார் வீரய்யா.

திருப்பதி எழுந்தான். இத்தனை நாளும் வெறுங்காலோடு கல்லைத் தாண்டியவன், அன்றைக்கு மூலையில் கிடந்த ஒற்றை பூட்ஸை எடுத்து மாட்டினான்.

“அங்கிட்டுத்தானா மச்சான்?”

வீரய்யா கையை மட்டும் நீட்டிக் கொல்லைக் கதவைக் காட்டினார். திருப்பதி அந்தக் கையைப் பார்த்தான்.

“அந்தத் தொரையும் இப்பிடித்தான் கையைக் காட்டுனாரு,” என்றான். குறை சொல்லும் குரல் இல்லை. சந்தையில் சொன்ன அதே குரல். கல்லைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனான்.

வீரய்யா பின்னாலேயே போய், சத்தம் வராமல் தாழ்ப்பாளைப் போட்டார். முன்வாசல் போலீஸ்காரன் வேலை முடிந்து நடையைக் கட்டினான்.

கொல்லையில் பூட்ஸ் கால்கள் நெருங்கிவரும் சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டப்பட்டது. விருந்தாளி தட்டுவதுபோல, மெதுவாக. மறுபடியும் ஒரு தரம்.

சொர்ணவல்லி இடுப்புக் குடத்தோடு தலைவாசலில் நுழைந்தாள்.

“கொல்லைப் பக்கம் யாரோ தட்டுறாகளே. தம்பியான்னு பாருங்க.”

“காத்தா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, கல்லில் சரிந்து கிடந்த முறத்தை எடுத்து நேராகச் சாய்த்து வைத்தார் வீரய்யா.