சொல்தாவை ஆற்றில் ஒளித்து வைத்த நாள்

என் அக்கா ஆயம்மாவைப் போல வாயும் அழுத்தமும் சேர்ந்த இன்னொரு பிறவியை முதலியார்பேட்டையில் காட்டுங்கள் பார்க்கலாம். மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலை. மாமா இறந்து ஏழு வருஷம், பிள்ளை இல்லை. ஊர் வம்பெல்லாம் பேசுவாள், தன் வலியை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டாள். அவளுக்கென்று இருந்தது ஒரு செவலை நாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பென்ஷன்காரர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அப்படி ஒருவர் வீட்டில் பிறந்த குட்டி என்பதால் அதற்கும் சொல்தா என்றே பெயர். எனக்கு அந்த நாயைக் கண்டாலே ஆகாது.

எழுபத்தொன்பது சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்தும் விடியாமலும் நோணாங்குப்பம் ஆற்றங்கரையில் நாயோடு வந்து நின்றாள். நான் அங்கே படகில் தேங்காய், விறகு, ஆள் என்று எது கிடைத்தாலும் ஏற்றுகிறவன்.

“டேய் அம்மாவாசை, இன்னிக்கி எங்க தெருவுக்கு நாய் புடிக்கிற வண்டி வருதாம். பொழுதுக்கும் எங்கள ஆத்துலயே வச்சிரு.”

“இன்னா அக்கா, நாய்க்குப் படகு சவாரியா? கவர்னருக்கே நான் ஓட்டுனதில்ல.”

“வாய மூடிக்கினு கழிய எடு.”

எடுத்தேன். வேறென்ன செய்ய? கரையோர நிழலைத் தேடித் தேடிப் படகைத் தள்ளினேன். அக்கா முன்பக்கம் உட்கார்ந்து நாயை அணைத்துக்கொண்டாள். அது கிடுகிடுவென்று நடுங்கியது. முதல் தடவை படகு ஏறினால் மனுஷனே நடுங்குவான் என்று விட்டுவிட்டேன். ஆனால் அக்கா வாயே திறக்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் எனக்கே தள்ளிவிட்டாள்.

உச்சி வெயிலில் நாய்க்கு நாக்கு தொங்கிப்போயிற்று. அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கொட்டாங்குச்சியால் ஆற்றில் மொண்டு அதன் வாயருகே நீட்டினாள். மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நீட்டினாள். பின்னால் நகர்ந்து உறுமியது. கொட்டாங்குச்சி அவள் கையிலிருந்து நழுவிப் படகுக்குள் விழுந்தது.

“போச்சுடா தம்பி. தண்ணியப் பாத்து பயப்படுது. வெறிதான்.”

முந்தானையால் மூடியிருந்த இடது கையை அப்போதுதான் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே நாலு பல் பதிந்த காயம். சொல்தா வாயிலிருந்து எலும்பைப் பிடுங்கப் போனபோது கடித்ததாம். அன்றோடு ஒன்பது நாள். கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருந்துவிட்டால் பயமில்லை. செத்தாலோ காணாமல் போனாலோ தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அந்தக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இன்றைக்கு யாராவது இப்படி மறைத்தால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன்.

எனக்கு வந்த கோபத்தில் நாயின்மேல் கழியை ஓங்கிவிட்டேன்.

“ஒம்போது நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா மொத ஆளா நீதான்டா கட்டையோட வருவ.”

கழி என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தேன். நீர் ஏறுகிற நேரம், முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“உனக்கு மூள இருக்குதாக்கா? சித்திரையில இது கடல் தண்ணி. வெறும் உப்பு. எந்த நாய் குடிக்கும்? நாக்குல வச்சிப் பாக்க வேணாமா?”

“நான் எப்பிட்றா தண்ணியப் பாப்பேன்?” என்றாள்.

வெறிநாயிடம் கடிபட்டவர்கள் தண்ணீரில் குனிந்து பார்த்தால் நாய் முகம் தெரியும் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஒன்பது நாளாக அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் சொம்பைத் தூக்கியிருக்கிறாள். மில்லில் மேஸ்திரியையே வாயால் விரட்டுகிறவள்.

என் குடிதண்ணீரைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி வைத்தேன். இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். சொல்தா மூக்கை நுழைத்தது, ஒரு நக்கு நக்கியது, பிறகு மளமளவென்று காலி செய்துவிட்டு என்னைப் பார்த்தது. இன்னும் ஊற்றினேன். எனக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை.

வெயில் தாழ்ந்து கரைக்குத் திரும்பும்போது அக்கா படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். அடுத்த நொடி அலறினாள்.

“தெரியுதுடா! நாய் மூஞ்சி தெரியுதுடா!”

அவள் தோள்மேல் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு சொல்தாவும் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அது உன் நாய்தான்க்கா. திரும்பிப் பாரு.”

திரும்பியவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் பத்தாம் நாள். அவள் வேலைக்குப் போனாள். நான் படகை அவிழ்க்கவில்லை. அவள் வீட்டு வாசலில் அந்த நாய்க்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். பொழுது போயும் சொல்தா நன்றாகவே இருந்தது. அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.