மதினி தட்டினால்தான் பாட்டு

எங்கள் மாவு மில்லில் ஓர் இரும்பு மடக்கு நாற்காலி இருக்கிறது. உட்காரும் தகடு முழுக்கச் சொட்டை சொட்டையாக நெளிந்திருக்கும். மாவு திரிக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்குனா என்னம்மா?” என்று கேட்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். “உக்கார முடியலைன்னா நில்லுங்க” என்பேன். கடை வைத்திருப்பவள் இப்படிப் பேசக் கூடாதுதான். பேசுவேன். அந்தச் சொட்டைகளைப் போட்டவள் என் மதினி. பெல்ட்டு மாட்டும்போது முடுக்குகிற ஸ்பானரால் அடித்து அடித்துப் போட்டது.

மதினி என் அண்ணன் மனைவி. திருச்செந்தூர்ப் பக்கம், தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கால் வழியே போய்ப் போய் முடிந்துவிடுகிற கடைமடை ஊரில் பிறந்தவள். பாளையங்கோட்டைக்கு வாழ வந்து, அண்ணனோடு மில்லில் நின்றவள். மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியோ என்னவோ, அவளுக்கு அப்படி ஒரு குரல். உள்ளே நின்று “பச்சரிசி யாருது?” என்று கேட்டால் எதிர்ச் சாரி டீக்கடையில் ஆள் திரும்பிப் பார்க்கும். எங்கள் வீட்டில் பெண்கள் சத்தமாகச் சிரித்தாலே பெரியவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். மதினியை என்ன செய்வதென்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு சொந்தக்காரக் கல்யாண வரவேற்பு. ‘கடைமடை’ என்று பெயர் வைத்துக்கொண்டு நான்கைந்து பையன்கள் மேடையில் கிதாரும் உறுமியும் டிரம்ஸுமாக நின்றார்கள். சினிமாப் பாட்டுகளை முடித்துவிட்டுத் தாங்களே கட்டிய பாட்டு ஒன்றை எடுத்தார்கள். மேல்மடைக்காரன் தண்ணீரை அடைத்துக்கொள்ள, கடைசி வயல் காய்வதைப் பற்றிய பாட்டு. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, “கல்யாண வீட்ல என்ன ஒப்பாரி? நிப்பாட்டுங்கடே” என்றார். பையன்கள் நிறுத்திவிட்டார்கள். பந்தியில் என் பக்கத்தில் பாதி இலையில் இருந்த மதினி சாம்பார்க் கையோடு எழுந்தாள். “ஏலே, நிப்பாட்டாதீங்க! அந்தப் பாட்டையே பாடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் பரிமாறுகிறவர் கரண்டியைக் கீழே விட்டுவிட்டார். அவர்கள் பாடினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். “எங்கப்பா வாய்க்கா வரப்புல காவக் கெடந்ததை ஒருத்தன் பாட்டாப் படிப்பாம்னு நான் நெனைக்கவே இல்லட்டி” என்றாள்.

அதன் பிறகு அவர்கள் எங்கே பாடினாலும் மதினி போனாள். துணைக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். முனகிக்கொண்டே போன எனக்கும் மெல்ல மெல்லப் பித்துப் பிடித்தது. கடைமடை ஊர்களிலிருந்து மினி லாரியில் வந்திறங்கும் ரசிகப் பையன்களுக்கு அவள் ‘மில் அத்தை’ ஆனாள். அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. “இந்த வயசுல பயலுவ கூட நின்னு கூப்பாடு போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாவ?” என்பான். மதினி உளுந்தைக் கொட்டியபடியே சொல்வாள்: “அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க. அவியளுக்கும் நாற்காலி போடுதேன்.”

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும் வரும், அருகில் போய்க் காதைக் கொடுத்தால்தான் விளங்கும். வீட்டில் சிலர், இனிமேலாவது அடங்கி இருப்பாள் என்று வெளியே சொல்லாமல் நிம்மதிப்பட்டார்கள். அது என் கண்ணில் படாமல் இல்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. உடம்பு தேறியதும் மதினி முதலில் கிளம்பியது கச்சேரிக்கு. நெடுநேரம் நிற்க முடியாது என்பதால் மில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டோம். மேடையில் பையன்கள் ஏறியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. மதினியும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் எழுந்து நிற்கிறாள். நாற்காலியை மடக்கி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடை பூட்டிய கையோடு பையில் போட்டு வந்த ஸ்பானரை எடுத்தாள். ‘டங்’ என்று ஓங்கி ஓர் அடி. மைதானமே திரும்பிப் பார்த்தது. டிரம்ஸ் அடிக்கும் பையன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு அந்த அடியிலிருந்தே பாட்டைத் தொடங்கினான். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவன் மதினியைப் பார்ப்பான், அவள் தட்டுவாள், பாட்டு தொடங்கும்.

கடைமடைப் பையன்களையும் அவர்களின் ரசிகர்களையும் படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. பாளையங்கோட்டையில் மைதானம், பொழுது சாயும் நேரம். ஒலிப்பதிவு செய்கிறவர் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு மதினியிடம் வந்து, அந்த இரும்புச் சத்தம் மட்டும் வேண்டாம், மற்றபடி கையை ஆட்டுங்கள், அழுங்கள், நன்றாக இருக்கும் என்றார். மதினி இயக்குநர் தம்பியைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். எனக்கும் கேட்டது. “நாங்க வேணும்னா சத்தத்தோடதான் வருவோம் தம்பி. ஊமைப்படம் எடுக்கதுன்னா வேற ஆளைப் பாருங்க.” அவர் சிரித்துவிட்டு, “உங்க சத்தம் படத்துல கண்டிப்பா இருக்கும்மா” என்று வாக்குக் கொடுத்தார். மதினி அன்று அடித்த அடியில் தகட்டில் விழுந்த சொட்டைதான் எல்லாவற்றிலும் ஆழமானது.

படம் வருவதற்குள் கட்டி திரும்பி வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. கடைசி நாட்களில், “படம் வந்துட்டா?” என்பதைத்தான் உதட்டசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படத்தை ஒரு கல்லூரி அரங்கில் காலைக் காட்சியாகப் போட்டார்கள். நான் ஆட்டோவில் நாற்காலியோடு போய் இறங்கினேன். வாசலில் நின்ற காவலாளி, “உள்ள சீட்டு கெடக்கே, இது எதுக்கு?” என்றார். “இது உக்காரதுக்கு இல்ல அண்ணாச்சி” என்று உள்ளே போய்விட்டேன். படம் நன்றாகத்தான் இருந்தது. மினி லாரி வந்தது, பையன்கள் ஆடினார்கள். அப்புறம் அந்த மைதானம். டிரம்ஸ்காரப் பையன் திரும்பிப் பார்க்கிறான். திரை முழுக்க என் மதினி. ஸ்பானர் உயர்கிறது, இறங்குகிறது. சத்தம் இல்லை. துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஒன்றுமே நடக்காதது போலப் பாட்டு தொடங்குகிறது. என் மதினியின் குரல் இரண்டாவது தடவையும் போனது.

எழுந்தேன். நாற்காலியை மடக்கிப் பிடித்தேன், பைக்குள் கையை விட்டேன். அரங்கம் அதிர ஓர் அடி அடித்தேன். “ஏலே, அத்தைலே!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். இயக்குநர் தம்பி ஓடி வந்தார். “அம்மா, அந்தச் சத்தம் காதுல ரொம்பக் குத்துச்சு. அதான் எடுத்துட்டோம்.”

“குத்தட்டும்னுதான் தம்பி அடிச்சா” என்றேன். என் குரலும் மதினி குரல் மாதிரியே உயர்ந்துவிட்டது. “வாய் போன பொம்பளை வேற எப்படிக் கத்துவா?”

டிரம்ஸ்காரப் பையன் முன் வரிசையிலிருந்து எழுந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “அது எங்க பாட்டோட மொத அடி சார். அது இல்லாம நாங்க தொடங்குனதே இல்ல. திரும்பப் போடுங்க, அத்தைக்குப் பதிலா இவிய அடிக்கட்டும்” என்றான். போட்டார்கள். திரையில் மதினியின் கை இறங்கிய அதே நேரத்தில் நான் இங்கே அடித்தேன். அரங்கில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

சத்தத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டதாக இயக்குநர் தம்பி போனில் சொன்னார். என் காதால் கேட்கும்வரை நான் நம்புவதாக இல்லை. அடுத்த மாதம் திருச்செந்தூரில் போடுகிறார்களாம். அண்ணனே வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறான். “நாற்காலி ஏத்த இடம் இருக்கான்னு கேட்டுக்கிட்டேன்” என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

நாற்காலித் தகட்டின் ஓரத்தில் இப்போது புதிதாக இரண்டு சொட்டைகள். அவை நான் போட்டவை. நேற்றுகூட ஒருவர் உட்கார்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “நில்லுங்க” என்றேன்.